தீவுக்கு ஒரு குரல் வேண்டாமா?

திருப்பரங்குன்றத்து மலைமேல் ஏறி நின்று நாற்புறமும் நோக்குவோர்க்குக் கண்மாய்களும் வயல்களும் ரெயில் பாதையும், வடகிழக்கே மதுரை மாநகரின் கோபுரங்களும் தோன்றும். கடல் தோன்றாது. சமுத்திரக் கரையிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே தள்ளி வாழும் ஜனங்கள் நாம். ஆயினும் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேசுவரம் சென்று தீர்த்தமாடி வராத குடும்பம் இவ்வட்டாரத்தில் அபூர்வம். அந்தத் தீவின் க்ஷேமம் நமக்கும் சொந்த விஷயமே. ஆகவே, தீவுகளைப் பற்றியும், தீவுகளில் தொண்டு புரிந்த அமெச்சூர் ரேடியோ சங்கங்களைப் பற்றியும் மதுரைப் பக்கத்து வாசகர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல முற்படுவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாதென நம்புகிறோம்.

1964-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 22-ந் தேதி நள்ளிரவை நெருங்கும் வேளையில், பாம்பன் ஸ்டேஷனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653-ம் எண் பாஸஞ்சர் வண்டி புறப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகள் அதில் இருந்தார்கள். ஊர் சில நூறு கஜ தூரத்தில் இருக்கையில், புயலோடு எழுந்த கடல் வண்டியை அப்படியே வாரிக்கொண்டது. பிழைத்து வந்து கதை சொல்ல ஒருவரும் இல்லை. தனுஷ்கோடி என்ற ஊரே அன்றோடு போயிற்று. ஸ்டேஷனும் தபாலாபீஸும் கோவிலும் மாதா கோவிலும் சுவர் சுவராக இன்றும் மணலில் நிற்பதை யாத்திரிகர்கள் பார்த்துவிட்டு வருகிறார்கள். பாம்பன் பாலத்தின் இரும்புக் கட்டுகளும் பல இடங்களில் பெயர்ந்து வீழ்ந்தன.

இந்தக் கோரத்தில் நாம் அதிகமாகச் சிந்திக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. ஒரு ரெயில் வண்டி முழுவதும் கடலில் மூழ்கிப்போன செய்தி, மண்டபத்துத் துறைமுக அதிகாரி அனுப்பிய தகவலின் மூலம் சென்னையிலுள்ள ரெயில்வே தலைமைக் காரியாலயத்தை எட்டி ஊர்ஜிதமாவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆயின! தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டன. கம்பி அறுந்தவுடன் தீவு ஊமையாகிவிட்டது. அங்கே தண்ணீருக்குத் தவித்தவர்களும், மேட்டில் ஏறி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் எத்தனை பேர் என்று சொல்ல ஒரு வாய் இல்லை. புயலைத் தடுக்க மனிதனால் முடியாதுதான். ஆனால் அந்த இரண்டு நாள் மௌனத்தைத் தடுத்திருக்க முடியும். அதற்கு வேண்டிய சாதனம் அப்போதே உலகில் இருந்தது. அதைக் கையாளத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். தனுஷ்கோடியில்தான் இல்லை.

அந்தச் சாதனம் யாது? கம்பியில்லாத் தந்தி. அதிலும் சர்க்காருடையதோ கப்பற் கம்பெனியுடையதோ அல்லாமல், தனி மனிதர்கள் கூலியும் லாபமும் கருதாமல், விஞ்ஞான ஆசையினாலேயே தங்கள் வீட்டு மாடியில் வைத்து நடத்துகிற சிறு நிலையங்கள். இவர்களை உலகெங்கும் 'ஹாம்' என்று அழைக்கிறார்கள். நம்மவர் அமெச்சூர் நாடக சபைகளை அறிவார்கள். சம்பளத்துக்கு நடிக்காதவர்கள் என்ற அதே பொருளில்தான் இவர்களும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். ஆகாசவாணியைப் போல் ஊருக்கெல்லாம் பாட்டுப் பாடுவது இவர்கள் வேலையன்று. அதற்கு விதிகளில் இடமும் கிடையாது. ஒருவர் அழைக்க, ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்னொருவர் பதிலளிக்க, இருவரும் பேசிக்கொள்வதே இதன் நோக்கம். வியாபாரம் பேசக் கூடாது. பரிபாஷையில் ரகசியம் பேசக் கூடாது. ஒவ்வொரு பேச்சிலும் தமக்குச் சர்க்கார் அளித்த அழைப்புக் குறியைச் சொல்லியாக வேண்டும். பேசி முடித்ததும் தபாலில் ஓர் அட்டை அனுப்பிக்கொள்வது இவர்களுக்குள் பழைய மரியாதை.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பூமிக்கு மேல் நூறு மைல், இருநூறு மைல் உயரத்தில் சூரியனின் கதிர்வீச்சால் மின்னேற்றம் பெற்ற வாயு மண்டலம் ஒன்று இருக்கிறது. சிற்றலை வரிசையிலுள்ள ரேடியோ அலைகள் அதில் மோதி, கண்ணாடியில் பட்ட வெளிச்சம்போல் திரும்பிப் பூமிக்கு வருகின்றன, மறுபடியும் எழும்புகின்றன. இவ்வாறு எகிறி எகிறிச் சமுத்திரங்களைத் தாண்டுகின்றன. நடுவே கோபுரமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ஒரு மின்விளக்குக்கு வேண்டிய அளவு சக்தி, மோட்டார் வண்டியின் பாட்டரி ஒன்று, இரண்டு மரங்களுக்கிடையே கட்டிய ஏரியல் கம்பி ஆகியவை போதும். காசியிலிருந்து ராமேசுவரம் வரை பேசிவிடலாம்.

நம்முடைய மாகாணத்துக்கு இந்த வித்தை புதிதுமன்று. 1924-ம் வருஷம் மே மாதம் சென்னையில் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சேர்ந்து சென்னை ராஜதானி ரேடியோ சங்கத்தை ஸ்தாபித்தார்கள். அவ்வருஷம் ஜூலை மாதக் கடைசியில் அவர்களுடைய சிறிய யந்திரம் பேசத் தொடங்கிற்று. சர்க்கார் ஒலிபரப்பு என்ற பேச்சே எழாத காலம் அது. பணமுடையினால் 1927-ல் சங்கம் ஓய்ந்துபோக, அதன் யந்திரம் சென்னை நகரசபையின் கைக்கு வந்து, 1930-ல் மறுபடியும் வாய் திறந்தது. அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் அதற்கும் எட்டு வருஷம் பிந்தித்தான் பிறந்தது. தென்னிந்தியாவில் ரேடியோ என்ற குழந்தையைத் தொட்டிலிட்டவர்கள் அமெச்சூர்களே என்பதை இக்காலத்து இளைஞர்கள் அறியார்கள்.

அக்கரையிலும் கதை இதுவே. இலங்கைத் தீவில் தந்தி இலாகாவின் பிரதம என்ஜினீயராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர், 1923-ல் கொழும்பில் பரிட்சார்த்தமாக ஒலிபரப்பினார். முதல் மகாயுத்தத்தில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ உறுப்புகளைக் கொண்டு யந்திரம் அமைத்தாராம்! ஊர்ச் சிங்களவரும் தமிழரும் வெள்ளையரும் என்று பாராமல் ஆர்வமுள்ளவர்களைச் சேர்த்து அவர் தொடங்கியதே இலங்கை வயர்லெஸ் சங்கம். 1925 டிஸம்பரில் கொழும்பு நிலையம் முறையாகத் தொடங்கியது. பிற்காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை மதுரை ஜில்லாவில் இன்னும் இருக்கிறது. கடலுக்கு இக்கரையில் சினிமாப் பாட்டைத் தீண்டத்தகாததாக ஒதுக்கிய மந்திரி ஒருவர் டில்லியில் இருந்த நாட்களில், அக்கரைக் குரல்தான் நம் கிராமத்து டீக்கடைகளை வாழ வைத்தது. அந்தக் குரலின் மூலவேர் ஒரு தீவின் சிறு சங்கம்.

அந்நிய ஆட்சி இந்தச் சங்கங்களை எந்தக் கண்கொண்டு பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1939-ல் இரண்டாவது யுத்தம் மூண்டதும், இந்திய அமெச்சூர்களின் லைசென்ஸுகள் ரத்தாயின. ஒலி அனுப்பும் யந்திரங்களை ஒப்படைக்கும்படி உத்தரவு பிறந்தது. யுத்த காலத்தில் இது எந்த தேசத்திலும் நடப்பதே என்பார்கள். இருக்கலாம். ஆனால் 1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் காந்தியடிகளும் தலைவர்களும் சிறைப்பட்டு, பத்திரிகைகளின் வாயும் கட்டப்பட்டபோது, பம்பாயில் என்ன நடந்தது? இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவி உஷா மேத்தாவும் தோழர்கள் சிலரும், ரேடியோ வித்தை தெரிந்தவர்களின் உதவியைக் கொண்டு ஒரு யந்திரத்தை அமைத்து, ஆகஸ்டு 27-ந் தேதி முதல் 42.34 மீட்டர் அலைவரிசையில் காங்கிரஸ் ரேடியோவாகப் பேசினார்கள். (பம்பாயும் ஒரு தீவுதான் என்பது பூகோளத்தில் உள்ள சங்கதி.) போலீஸார் மோப்பம் பிடிக்கப் பிடிக்க வீடு மாற்றி வீடு மாற்றி ஏறத்தாழ மூன்று மாதம் நடத்தினார்கள். விஷயம் தெரிந்த ஒரு தொழிலாளியே காட்டிக்கொடுக்க, நவம்பர் 12-ந் தேதி பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நாலு வருஷச் சிறை.

ஒரு சாம்ராஜ்யம் ஒரு பெட்டியைக் கண்டு நடுங்கிய கதை இது. அச்சம் அந்நிய ஆட்சிக்கு இயல்பு. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் வருந்துவது வேறொன்றுக்காக. வெள்ளையன் கப்பலேறிய பின்னும், அவன் எழுதிவைத்த 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டமும் 1933-ம் வருஷத்து வயர்லெஸ் சட்டமும் நம் காரியாலயங்களில் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் சிம்மாசனம் வீற்றிருந்தன. 2023-ல்தான் பார்லிமெண்டு புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏடு மாறிற்று, எழுத்தனின் மனம் மாறிற்றா என்பதே கேள்வி. பரீட்சையில் தேறிய ஓர் இளைஞன், போலீஸ் விசாரணையும் உள்துறையின் சம்மதமும் முடிந்து லைசென்ஸைக் கண்ணால் காண மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், காத்திருந்தது வெகுகாலம் வரை நம் தேசத்தின் வழக்கம். அந்தமானிலும் லட்சத்தீவிலும் நிலையம் வைக்க வேண்டுமானால் சாதாரண லைசென்ஸ் போதாது. தனி அனுமதி வேண்டும்.

அந்த அனுமதியின் கதையில்தான் இக்கட்டுரையின் உயிர் இருக்கிறது. சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

தீவுகளோடு பேசுவதில் உலக ஹாம்களுக்குத் தனி மோகம் உண்டு. யாரும் எளிதில் செல்ல முடியாத தீவில் ஒருவர் ஏரியல் கட்டிவிட்டார் என்று தெரிந்தால், ஜப்பானிலிருந்து பிரேஸில் வரை ஆயிரக்கணக்கானோர் தூக்கம் விட்டு அவரை அழைப்பார்கள். தீவுகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தி, எத்தனை தீவுகளோடு பேசினோம் என்று கணக்கு வைக்கும் ஏற்பாட்டை ஓர் ஆங்கிலேயர் தொடங்கியது 1964-ல். தனுஷ்கோடி அழிந்த அதே வருஷம்! அந்தமான் தீவுகளிலிருந்து பதினைந்து வருஷங்களுக்கு மேலாக எந்த அமெச்சூர் குரலும் கேளாதிருந்தபடியால், அது இவர்களுக்குக் கிட்டாக் கனியாக இருந்தது. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸ்ரீமதி பாரதி பிரசாத், வருஷக்கணக்கில் சர்க்கார் வாசலில் தட்டி, கடைசியில் அனுமதி பெற்றார். 2004 டிஸம்பர் ஆரம்பத்தில் அவரும் சகாக்களும் போர்ட் பிளேர் சேர்ந்து, ஓர் ஓட்டலில் ஏரியல்களை நாட்டி, வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்றும் வி.யூ.4 என்.ஆர்.ஓ. என்றும் இரு குறிகளில் பேசத் தொடங்கினார்கள். உலகம் முழுவதும் அந்தக் குரலுக்காக நெருக்கியடித்தது. மூன்று வாரத்துக்குள் பல்லாயிரம் பேரோடு பேசிவிட்டார்கள்.

விளையாட்டுத்தானே இது, இதனால் தேசத்துக்கு என்ன லாபம் என்று டிஸம்பர் 25-ந் தேதி வரை யாராவது கேட்டிருந்தால், பதில் சொல்வது சிரமமாகவே இருந்திருக்கும்.

26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் பூமி பிளந்தது. ஸ்ரீமதி பாரதி அப்போது யந்திரத்தின் முன் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். கட்டிடம் ஆடிற்று, 'நடுக்கம்' என்று அவர் கூவிய ஒரு சொல்லோடு மின்சாரம் போய்விட்டது. உலகெங்கும் செவிசாய்த்திருந்தவர்கள் கேட்டது அவ்வளவே. ஆனால் அவரும் கூட்டத்தாரும் மாடியை விட்டு இறங்கி ஓடியதோடு நிற்கவில்லை. யந்திரத்தை வெளியே புல்தரைக்குக் கொண்டுவந்தார்கள், ஜெனரேட்டரை முடுக்கினார்கள், ஏரியலைச் சரிசெய்தார்கள். டெலிபோன் வேலை செய்யாத போர்ட் பிளேரிலிருந்து, முந்திய நாள் வரை பொழுதுபோக்காக இருந்த அந்தக் குரல் தாய்நாட்டை அழைத்தது. இந்தியக் கரையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த மற்ற ஹாம்கள் பதிலளித்தார்கள். எந்த ஓட்டலில் எந்த யாத்திரிகர் உயிரோடிருக்கிறார், எந்த உத்தியோகஸ்தர் குடும்பம் பத்திரமாக இருக்கிறது என்று பெயர் பெயராகப் படித்தார்கள். இங்குள்ளவர்கள் எழுதிக்கொண்டு உற்றார் உறவினருக்கு டெலிபோன் செய்தார்கள். ஒரு தாய்க்கு மகன் இருக்கிறான் என்று சொல்லும் வாக்கியத்துக்கு விலை உண்டா?

தெற்கே நிக்கோபார் தீவுகளின் நிலைமை இன்னும் பயங்கரம். கார் நிக்கோபாரில் விமானப் படைத்தளத்தைக் கடல் புகுந்து வாரியது. படைவீரரும் குடும்பத்தாருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தேசத்தின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. தீவுக்கூட்டம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் மறைந்தார்கள். எத்தனை பேர் என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. சில நாட்களில் அமெச்சூர்கள் கார் நிக்கோபாருக்கும் யந்திரத்தோடு சென்று, போர்ட் பிளேரோடு பேச்சுத் தொடர்பு ஏற்படுத்தினார்கள். எந்தக் கூட்டத்துக்கு அனுமதி கொடுக்கலாமா வேண்டாமா என்று பல வருஷம் காகிதம் புரண்டதோ, அந்தக் கூட்டமே சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு வாயும் காதுமாக நின்றது. 1943-ம் வருஷம் டிஸம்பர் 30-ந் தேதி நேதாஜி மூவர்ணக் கொடியை ஏற்றிய ஊர் போர்ட் பிளேர். செல்லுலர் சிறையில் தேசபக்தர்கள் ஆண்டுக்கணக்கில் வெளியுலகச் செய்தி ஒன்றும் அறியாமல் வாடிய ஊரும் அதுவே. அங்கே அறுபது வருஷத்துக்குப் பின் இன்னொரு டிஸம்பரில் ஒரு பெண்மணியின் குரல் தனிமையை உடைத்ததை நினைக்கையில் நமக்கு உடல் சிலிர்க்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். அவர்கள் அன்று அங்கே இருந்தது தற்செயல். அனுமதி இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால், ஏரியல் இல்லை, யந்திரம் இல்லை, ஆளும் இல்லை. ஒரு தீவின் வாயும் காதும் காரியாலயத்துக் காகிதத்தின் வேகத்தைப் பொறுத்திருந்தது! சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கம்பி, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2020-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில்தான் போடப்பட்டுத் திறப்புவிழா நடந்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் கம்பி என்பது என்றைக்கும் கம்பிதான்.

அதே ஞாயிற்றுக்கிழமை இலங்கையில் முப்பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். தெற்கே ஹம்பாந்தோட்டைப் பிரதேசம் சின்னாபின்னமாயிற்று. டெலிபோனும் கைப்பேசியும் செத்துக்கிடந்த அந்த நாட்களில், இலங்கை ரேடியோ சங்கத்தைச் சேர்ந்த விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் பாட்டரிகளையும் சிற்றலை யந்திரங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்று, ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்பிலுள்ள பிரதம மந்திரியின் காரியாலயத்துக்கும் பேச்சுத் தொடர்பு ஏற்படுத்தினார்கள். தேசத்தின் பிரதம மந்திரிக்கே தம் சொந்த ஜில்லாவின் சமாசாரம் அமெச்சூர்களின் வழியாக வந்தது. அந்தமானைப் போலன்றி, இது தற்செயல் அன்று என்பதே விசேஷம். தீவில் சங்கம் ஒன்று பல வருஷங்களாக வேரூன்றி இருந்தது. அங்கத்தினர் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். யந்திரங்கள் தயாராக இருந்தன. அழைப்பதற்கு ஆள் இருந்தபடியால் அழைத்தார்கள்.

தற்செயலாக இருந்தவர்களுக்கும், சங்கமாக இருந்தவர்களுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் நாம் வாசகர்களின் முன் வைக்கிறோம்.

ஆட்சேபங்களை நாம் அறியாதவரல்லோம். முதலாவது, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கிற காலத்தில் இந்தப் பழைய வித்தை எதற்கு என்பது. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யத்தருகே கரை ஏறியபோது என்னவாயிற்று என்று தஞ்சைச் சீமையாரைக் கேளுங்கள். லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரத்தின் பாட்டரி சில மணி நேரம் உழைக்கும். பிறகு கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டு. பல கிராமங்கள் நாட்கணக்கில் பேச்சற்றுக் கிடந்தன. 1999-ல் ஒரிஸாவைச் சூறையாடிய பெரும்புயலிலும், 2001-ல் கட்ச் பூகம்பத்திலும் அமெச்சூர்கள் யந்திரத்தோடு ஓடியது இதே காரணத்தால்தான். கைப்பேசி நல்ல நாளுக்குரிய சாதனம். அதற்கு ஆயிரம் தாங்குகோல் வேண்டும். சிற்றலை யந்திரத்துக்கு ஒரு பாட்டரியும் ஒரு மனிதனும் போதும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. எல்லைக்கடலோரம், கள்ளக்கடத்தல் நடக்கும் கரை, அங்கே தனியார் கையில் ரேடியோ யந்திரம் கொடுப்பது தேசப் பாதுகாப்புக்கு உகந்ததா என்று கேட்கிறார்கள். தேசப் பாதுகாப்பில் நாம் யாருக்கும் பின்வாங்கியவரல்லோம். ஆகவே தான் சொல்கிறோம்: தீய எண்ணம் கொண்டவன் சர்க்காரிடம் மனுப் போட்டு, பரீட்சை எழுதி, போலீஸாரை வீட்டுக்கு வரவழைத்து, தன் பெயரையும் விலாசத்தையும் அழைப்புக் குறியையும் பதிவு செய்துகொண்டு, எல்லோரும் கேட்கும் அலைவரிசையில் வெளிப்படையாகப் பேசமாட்டான். அவனுக்கு ஆயிரம் வழி இருக்கிறது. ஹாம் லைசென்ஸ் அவற்றில் சேர்ந்ததன்று. மாறாக, அலைவரிசைகளை இரவும் பகலும் கேட்டுப் பழகிய நூறு யோக்கியமான காதுகள் கடற்கரையில் இருப்பது ராஜாங்கத்துக்குப் பலமேயன்றிப் பலவீனமன்று. அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் லைசென்ஸ் பெற்றிருக்கிறார்கள். அந்தத் தேசம் அதனால் கவிழ்ந்துவிடவில்லை. நம் தேசத்தில் பிரதம மந்திரியாக இருந்த ராஜீவ் காந்தியே வி.யூ.2 ஆர்.ஜி. என்ற குறியுடைய ஹாம். 2005 மே மாதத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் விஞ்ஞானிகள் அமெச்சூர்களுக்கென்றே 'ஹாம்சாட்' என்ற நாற்பத்திரண்டரைக் கிலோ எடையுள்ள சிறு செயற்கைக் கோளை அனுப்பினார்கள். வானத்தில் இவர்களுக்கு இடம் கொடுத்த சர்க்கார் கடற்கரையில் இடம் கொடுக்கத் தயங்குவானேன்?

மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 2017-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி, கேரளக் கரைகளைச் சேர்ந்த மீனவர் நூற்றுக்கணக்கில் மாண்டும் மறைந்தும் போனார்கள். ஆழ்கடலுக்குப் போய் நாட்கணக்கில் தங்கிய படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. படகிலுள்ள கப்பல் ரேடியோவின் வீச்சு கரையிலிருந்து சில பத்து மைல் மட்டுமே. அமெச்சூர் ரேடியோ இருந்தால் அவர்கள் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் வாதிக்க வரவில்லை. தொழிலுக்காக ஹாம் லைசென்ஸைப் பயன்படுத்த விதியும் இடந்தராது. ஆழ்கடல் மீனவனுக்கு நெடுந்தூர எச்சரிக்கைக் கருவி அளிப்பது சர்க்காரின் தலைக்கடன். அந்தப் பொறுப்பைத் தொண்டர்களின் தலையில் கட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. எனினும், மீன்பிடிக் குப்பங்களில் ரேடியோ மொழியறிந்த பையன்கள் பத்துப் பேர் இருப்பது வேறு. ஒருவரும் இல்லாமலிருப்பது வேறு.

செய்ய வேண்டியது என்ன? ராமேசுவரத் தீவில் நிலையான அமெச்சூர் ரேடியோ சங்கம் ஒன்று வேரூன்ற வேண்டும். பள்ளிக்கூடமோ தீர்த்த யாத்திரிகர் சத்திரமோ ஓர் அறை ஒதுக்கினால் போதும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் கிளைகள் இருக்கலாம். பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் பரீட்சை எழுதலாம் என்பது இப்போதைய விதி. மனுச் செய்வதும் இணையவழியாகிவிட்டது. எளிமையான மின்சார சாஸ்திரமும் ரேடியோ விதிகளுமே பாடம். மேல்தரத்து லைசென்ஸுக்கு மார்ஸ் தந்திக் குறியும் சேரும். ஒரு கோடை விடுமுறையில் கற்றுவிடலாம். கற்பிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்களானால், திருப்பரங்குன்றத்து மலையடிவாரத்தில் 1957 முதல் என்ஜினீயர்களைப் பயிற்றிவரும் தியாகராசர் கல்லூரி இருக்கிறது. அத்தகைய கல்லூரிகளின் வாலிபர்கள் கோடையில் நாலு வாரம் தீவுக்குச் சென்று கற்பித்தால், அது கதர் விற்றதற்கும் இரவுப் பாடசாலை நடத்தியதற்கும் குறைந்த தேசத்தொண்டாகாது. மதுரை இளைஞர் கூட்டங்களுக்கும் நம் அரசியல் தொண்டர்களுக்கும் இதையே சொல்லுகிறோம். புயல் நிவாரணத்துக்கு அரிசி மூட்டை சேகரிப்பதில் நாம் வல்லவர்கள். எந்தக் குப்பத்துக்கு அரிசி வேண்டும், எந்தக் குப்பத்துக்குப் படகு வேண்டும் என்று முதல் நாளே தெரிந்துகொள்ளும் வல்லமை நமக்கு இன்னும் வரவில்லை.

சர்க்காரிடம் கேட்பது அதிகமன்று. கடலோர ஜில்லாக்களில் பரீட்சையை வருஷத்தில் சில தடவைகளாவது கிரமமாக நடத்தட்டும். தேறியவர்களுக்குக் குறித்த நாளுக்குள் லைசென்ஸ் கொடுக்கட்டும். கலெக்டர் காரியாலயத்துப் புயல் ஒத்திகையில் சங்கத்தாருக்கு ஒரு நாற்காலி போடட்டும். அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் வேண்டிய தனி அனுமதி என்ற பழைய வேலியை, குறைந்தபட்சம் அத்தீவுகளிலேயே பிறந்து வளரும் பிரஜைகளுக்காவது தளர்த்தட்டும்.

பாம்பனில் பழைய ரெயில் பாலத்தின் பக்கத்தில் புதிய பாலம் 2025-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. நடுத்தட்டு செங்குத்தாக உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும் அதிசயத்தைப் பார்க்க ஜனங்கள் திரள்கிறார்கள். நாமும் போய்ப் பார்த்தோம். நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவாயிற்று, நல்ல செலவே. சங்கத்துக்கு ஆகும் செலவை விசாரித்தால், ஒரு சிற்றலை யந்திரமும் பாட்டரியும் சேர்ந்து நல்ல மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலையைத் தாண்டாது. ஏரியலுக்கு வேண்டியது நாற்பது மீட்டர் அலைக்கு இருபது மீட்டர் செம்புக் கம்பி. அதை இழுத்துக் கட்டுவதற்குத் தீவில் தென்னைக்கும் பனைக்கும் குறைவில்லை.